காலை நெட்டும் சுவரில் மாட்டும் அவார்டும்: சேலம், ஏற்காடு ஹாம்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மொட்டை மாடியில் கம்பி கட்டியிருக்கும் ஒரு ஹாம் (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்) வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதில் யாரோடு பேசுவீர்கள்?" என்பது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் கேட்பது வேறு. நான் பல ஆண்டுகளாகக் காலை நெட்டில் கலந்துகொள்கிறேன், முறை வரும்போது நடத்தியும் இருக்கிறேன். இத்தனை கண்டம், இத்தனை இடத்தோடு பேசினேன் என்று காட்டினால் கிடைக்கும் அவார்டுகளைத் தேடுவதிலும் எனக்குத் தீராத ஆசை உண்டு. கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

நெட் என்றால் இன்டர்நெட்டா?

இல்லை. குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில், ஒருவர் நடத்த மற்ற ஹாம்கள் வந்து சேரும் கூட்டத்துக்கு நெட் என்று பெயர். இன்டர்நெட் வருவதற்குப் பல காலம் முன்பிருந்தே ஹாம்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ரேடியோவில் பட்டனை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு எதிராளி குரல் கேட்காது. இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் இருவருமே கெட்டார்கள். அதனால் யாருக்கு எப்போது முறை என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர்தான் நெட் கண்ட்ரோல்.

ஏன் காலையிலேயே வைக்கிறீர்கள்?

7 மெகாஹெர்ட்ஸ் அலையின் குணம் அப்படி. அதை நாங்கள் 40 மீட்டர் பேண்டு என்போம். இந்தியாவில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை நமக்கு உண்டு. வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் இந்த அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் மழைபோல இறங்கும். சேலத்திலிருந்து பேசினால் பெங்களூரு, சென்னை, கொச்சி எல்லாம் பக்கத்து வீடுபோலக் கேட்கும். உச்சி வெயிலில் அயனி மண்டலத்தின் அடி அடுக்கு அலையை உறிஞ்சிவிடும், குரல்கள் மெலிந்துபோகும். இரவில் இன்னொரு வேடிக்கை: ஈரோடு கேட்காது, ஐரோப்பா கேட்கும். உள்ளூர்க்காரர்கள் கூட காலைதான் தோது.

முதல் முறை பேசப் பயமாக இருக்கிறது. எப்படிச் செக்-இன் செய்வது?

ஒரு வாரம் கேளுங்கள். பேசாமல் கேட்பதே பாதிப் பயிற்சி. அப்புறம் நெட் கண்ட்ரோல் "செக்-இன் செய்ய விரும்புகிறவர்கள் வரலாம்" என்று சொன்னதும், உங்கள் கால் சைனை (லைசென்ஸோடு வரும் அடையாளப் பெயர்) மட்டும், ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ என்ற உச்சரிப்பில், ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் பட்டனை விடுங்கள். வணக்கம், பெயர், ஊர், வானிலை எல்லாம் உங்களைக் கூப்பிட்ட பிறகு. கூப்பிட்டதும் அவருடைய சிக்னல் எப்படி இருக்கிறது என்று ரிப்போர்ட் கொடுங்கள். "ஐந்து ஒன்பது" என்பதில் முதல் எண் சொற்கள் எவ்வளவு தெளிவாகப் புரிகின்றன என்பது, அதிகபட்சம் 5. இரண்டாவது எண் சிக்னலின் வலிமை, அதிகபட்சம் 9. எல்லோருக்கும் ஐந்து ஒன்பது என்று அள்ளிக் கொடுக்காதீர்கள். மூன்று மூன்று என்றால் மூன்று மூன்று என்றே சொல்லுங்கள். பாவம் அவர், புது ஆன்டெனா வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருப்பார்.

நடத்துகிறவர் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். ஒரு நாள் நான் நெட் நடத்திக்கொண்டிருந்தபோது பேண்டு முழுக்க மின்னலின் சரசரப்பு. நடுவில் ஒரு மெல்லிய குரல் வந்து போனது. எனக்குப் பிடிபட்டது "விக்டர் யூனிஃபார்ம் மூன்று", கடைசியில் "பிராவோ". தாளில் பென்சிலால் வி.யு.3 என்று எழுதி, இரண்டு கோடு போட்டு, கடைசியில் பி என்று எழுதினேன். "கடைசி எழுத்து பிராவோ, அந்த நிலையம் மட்டும் வாருங்கள். மற்றவர்கள் பொறுத்திருங்கள்." நெட்டில் பதினோரு பேர் இருந்தார்கள், ஒருவரும் மூச்சுவிடவில்லை. இரண்டாம் முறை நடு எழுத்து ஒன்று கிடைத்தது. மூன்றாம் முறை முழுதும் வந்தது. ஹாஸ்டல் ஜன்னலில் கம்பி கட்டி 5 வாட்டில் பேசிய கல்லூரி மாணவர். தன் கால் சைனை நான் திருப்பிச் சொன்னதும் அவர் குரலில் தெரிந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது. நெட் கண்ட்ரோலின் வேலை அதிகாரம் செய்வதல்ல. யார் குரல் எல்லோரையும்விட மெலிந்திருக்கிறதோ அவருக்கு இடம் பண்ணிக் கொடுப்பது.

தமிழில் பேசலாமா?

தாராளமாக. விதி கேட்பது வெளிப்படையான மொழி, அதாவது சங்கேதமாகப் பேசக் கூடாது. கால் சைனை மட்டும் உலக வழக்கப்படி சொல்லிவிட்டு மற்றதைத் தமிழில் பேசலாம். எங்கள் நெட்டில் பெரியவர்களை "ஓ.எம்." (ஓல்டு மேன்) என்போம், அது ஹாம் வழக்கம். பேச்சு சூடு பிடித்ததும் "அண்ணா", "சார்" தானாக வந்துவிடும். வியாபாரம், அரசியல் மட்டும் வேண்டாம். மாம்பழ விலை விசாரிக்கலாம், மாம்பழம் விற்கக் கூடாது.

லைசென்ஸ் வேண்டுமா?

கட்டாயம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறைக்குக் கீழுள்ள டபிள்யூ.பி.சி. பிரிவு கொடுக்கிறது. 12 வயது நிரம்பியிருந்தால் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் தரத்துக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது, கால் சைன் வி.யு.3 என்று தொடங்கும். ஜெனரல் தரத்துக்கு மோர்ஸ் உண்டு, வி.யு.2 என்று தொடங்கும். ஆன்லைனில் சீன வாக்கி டாக்கி வாங்கி லைசென்ஸ் இல்லாமல் பேசிப் பார்ப்பது குற்றம். தயவுசெய்து அந்த வழி வேண்டாம்.

சேலத்து வீட்டு மாடியில் 40 மீட்டர் ஆன்டெனா கட்ட இடம் போதுமா?

இதுதான் உண்மையான சிக்கல். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் என்றால் கம்பி ஏறக்குறைய 20 மீட்டர், நடுவிலிருந்து இரு பக்கமும் பத்துப் பத்து. நம் ஊரில் முப்பதுக்கு நாற்பது அடி மனைதான் அதிகம். அதன் மூலைக்கு மூலை அளந்தாலும் 50 அடி, அதாவது 15 மீட்டர் சொச்சம். கம்பி உள்ளே அடங்காது. நான் செய்தது: மாடி நடுவில் 20 அடி ஜி.ஐ. பைப் ஒன்றை நட்டு, உச்சியிலிருந்து கம்பியை இரு பக்கமும் கூடாரம்போலச் சரித்து இறக்கினேன். மிச்சமான முனைகளைக் கைப்பிடிச் சுவரோடு மடக்கிக் கட்டினேன். துணி காயப்போட வருகிறவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் முனை இருக்க வேண்டும். பேசும்போது முனையில்தான் மின்னழுத்தம் அதிகம், தொட்டால் சுடும்.

இடத்தைவிடப் பெரிய தொல்லை இரைச்சல். விலை மலிவான எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர் எல்லாம் 7 மெகாஹெர்ட்ஸில் சீறும். ஒரு நாள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு, ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் எதிரி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஒவ்வொரு ஃப்யூஸாகப் போட்டுக்கொண்டே வந்தால் எந்த அறை என்று தெரிந்துவிடும். என் வீட்டில் அது சாமி அறை சீரியல் பல்பு.

ஏற்காடு ஏறினால் அப்படி என்ன கிடைக்கும்?

40 மீட்டருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, இரைச்சல் குறையும், அவ்வளவுதான். ஆனால் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 2 மீட்டர் பேண்டுக்கு ஏற்காடு ஒரு வரம். அந்த அலை ஏறக்குறைய கண்ணுக்கு எட்டும் தூரம்தான் போகும். சேலம் நகரமோ நகரமலை, கஞ்சமலை, ஜருகுமலை என்று மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. கைக்குள் அடங்கும் 5 வாட் ரேடியோவை வைத்துக்கொண்டு அஸ்தம்பட்டியில் நின்றால் அடுத்த தாலுகா தாண்டுவதே பாடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டரில் போய் நின்றால் அடிவாரத்துச் சமவெளி 1,200 மீட்டர் கீழே இருக்கும். கணக்குப் போட்டால் ரேடியோ அடிவானம் 140 கிலோமீட்டருக்கு விரியும். அதே 5 வாட், அதே ரேடியோ.

லேடீஸ் சீட் பக்கம் நின்றால் சேலம் காலடியில் இருக்கும், தெற்கும் மேற்கும் திறந்திருக்கும். ஆனால் தருமபுரிப் பக்கத்தை மலையே மறைக்கும். எல்லாத் திசையும் வேண்டுமென்றால் சேர்வராயன் மலை உச்சி, 1,623 மீட்டர். அங்கே கோயில் இருக்கிறது. கம்பியைக் கோயில் மரத்திலோ கட்டடத்திலோ கட்டாதீர்கள், சொந்தக் கம்பம் கொண்டுபோங்கள். குரங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்: வழவழப்பான நைலான் கயிறு அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். சாப்பாட்டுப் பையை ரேடியோ பக்கத்தில் வைக்காதீர்கள். அப்புறம், லைசென்ஸில் உள்ள முகவரிக்கு வெளியே இயக்குவதற்கு விதிமுறை உண்டு. அதைப் படித்து, வேண்டிய அனுமதியோடு போங்கள்.

அவார்டு எதற்கு? அதில் பணம் வருமா?

ஒரு பைசா வராது. ஒரு தாள் வரும். ஆனால் அந்தத் தாளுக்காக நீங்கள் விடியற்காலை நாலரைக்கு எழுந்திருப்பீர்கள், உலகப் படத்தை மனப்பாடம் செய்வீர்கள், சூரியப் புள்ளிகள் 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைவதைக் கவனிப்பீர்கள், ஆன்டெனாவைப் பத்து முறை இறக்கி ஏற்றுவீர்கள். வேறு எதுவும் என்னை இவ்வளவு கற்றுக்கொள்ள வைத்ததில்லை.

முதல் அவார்டாக எதைத் தேடலாம்?

ஆறு கண்டங்கள், டபிள்யூ.ஏ.சி. என்பார்கள். உலக ஹாம் சங்கங்களின் கூட்டமைப்பான ஐ.ஏ.ஆர்.யு. கொடுப்பது. ஒவ்வொரு கண்டத்திலும் ஒருவரோடு பேசி அதை உறுதி செய்தால் போதும். சேலத்திலிருந்து ஆசியா, ஐரோப்பா சுலபம். ஓசியானியாவுக்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டாம், இந்தோனேசியாவே அந்தக் கணக்கில்தான் வரும். ஆப்பிரிக்காவுக்கு ரீயூனியன், தென்னாப்பிரிக்கா கேட்கும். வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும்தான் சோதிக்கும். அமெரிக்காவுக்கு நம் அலை வடதுருவத்தை ஒட்டிப் போக வேண்டும், அங்கே நிறைய உறிஞ்சப்படும். பொழுது விடியும் நேரமும் அடையும் நேரமும் பேண்டில் உட்கார்ந்திருங்கள்.

ஓரிகன் மாநிலத்து ஹாம் ஒருவரிடம் நான் ஊர் பெயர் சேலம் என்றதும், மனிதர் அசந்துபோய் "எந்தத் தெரு?" என்று கேட்டார். அவர் ஊரும் சேலம். அன்றிலிருந்து "சேலம், சவுத் இந்தியா" என்று சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டி.எக்ஸ்.சி.சி. என்பது?

அவார்டுகளில் ஹாம்கள் பெரிதும் மதிப்பது அது. அமெரிக்காவின் ஏ.ஆர்.ஆர்.எல். சங்கம் 1930களிலிருந்து நடத்துகிறது. 100 இடங்களோடு பேச வேண்டும். இடம் என்றால் நாடு மட்டுமல்ல, தூரத் தீவுகளும் தனிக் கணக்கு. பட்டியலில் இப்போது 340 இடங்கள். இந்தியாவிலேயே மூன்று உண்டு: நம் நிலப்பகுதி, அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு. மேற்கு மலேசியா ஒன்று, கிழக்கு மலேசியா ஒன்று. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் தனித்தனி.

அந்தமானின் கதையை அவார்டு பிடிக்காதவர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. வி.யு.4 என்று கால் சைன் தொடங்கும் அந்தமான் அடிக்கடி கிடைக்காத இடம், உலகமே அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. டிசம்பர் 26 காலை சுனாமி. தொலைபேசிகள் செத்துப்போயின. அவார்டுக்காகக் கட்டிய அதே ஆன்டெனா, அதே ரேடியோவை வைத்து அவர்கள் தீவுச் செய்தியை வெளியே கொண்டுபோனார்கள். அங்கே நடந்தது ஒரு நெட்தான்: ஒருவர் நடத்த, மற்றவர்கள் முறை காத்து, பெயர்களையும் ஊர்களையும் பிழையில்லாமல் எழுதிக்கொண்டார்கள்.

நெட்டில் கிடைத்த தொடர்பு அவார்டுக்குச் செல்லுமா?

இதில் ஹாம்களுக்குள் சண்டையே உண்டு. என் நிலையைச் சொல்கிறேன். தூர நாட்டு நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு, நெட் கண்ட்ரோல் வரிசைப்படி ஆளைக் கூப்பிட்டு விடுவது வழக்கத்தில் இருக்கிறது. அப்படிக் கிடைக்கும் தொடர்பு செல்லும். ஆனால் ரிப்போர்ட்டை இருவரும் தாங்களே கேட்டிருக்க வேண்டும். "அவர் உனக்கு மூன்று மூன்று கொடுத்தார் தம்பி" என்று நடுவில் இருப்பவர் எடுத்துக் கொடுத்தால் அது உங்கள் தொடர்பு அல்ல, அவருடைய தொடர்பு. அதை லாகில், அதாவது தொடர்புகளைக் குறித்து வைக்கும் நோட்டில், எழுத எனக்கு மனம் ஒப்பாது. அன்பாகத்தான் செய்கிறார்கள், தெரியும். நான் நெட் நடத்தும்போது அதைச் செய்ய மாட்டேன். "கேட்கவில்லையா? சரி, அடுத்த வாரம் வாங்க" என்பேன்.

குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வழியாகப் பேசியது டி.எக்ஸ்.சி.சி.க்குச் செல்லாது. இன்டர்நெட் வழி இணைக்கும் எக்கோலிங்க்கும் செல்லாது.

லாக் எழுதுவதில் அடிக்கடி வரும் தவறு எது?

நேரம். உலக ஹாம்கள் எல்லோரும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுகிறார்கள். நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். பகலில் பிழை வராது. விடியற்காலையில்தான் மாட்டுவோம், ஏனென்றால் காலை ஐந்தரைக்கு முன்னால் தேதியும் ஒன்று பின்னால் போகும்.

எனக்கு நடந்தது இது. தென் அமெரிக்கா எனக்குப் பாக்கி. ஒரு 14ஆம் தேதி காலை 5.10க்குப் பிரேசில் கிடைத்தது. பதற்றத்தில் மணியை மட்டும் சரியாகக் கழித்து 23.40 என்று எழுதினேன், தேதியை 14 என்றே விட்டுவிட்டேன். 13 என்று இருந்திருக்க வேண்டும். எலக்ட்ரானிக் லாகில் இரு பக்க நேரமும் அரை மணிக்குள் பொருந்தினால்தான் தொடர்பு உறுதியாகும். மாதக்கணக்கில் உறுதியாகவில்லை. அவர் லாகே ஏற்றவில்லை என்று நினைத்துக்கொண்டு கோபமாக இருந்தேன். கடைசியில் நோட்டைப் புரட்டியபோது முந்தின வரியிலேயே விடை இருந்தது: அதே இரவின் இன்னொரு தொடர்பு, 13 என்று சரியாக எழுதியிருந்தேன். இப்போது ரேடியோவுக்கு மேலே இரண்டு கடிகாரம். யு.டி.சி. கடிகாரத்தில் தேதியும் தெரியும்.

பேசியதை உறுதி செய்து தபாலில் அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டை இன்னும் தேவையா?

அவார்டுக்கு ஏ.ஆர்.ஆர்.எல். 2003இல் தொடங்கிய லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு போதும், லாகை ஏற்றுவதற்குக் காசும் இல்லை. அட்டை மனசுக்கு. நம் ஏ.ஆர்.எஸ்.ஐ. சங்கத்தின் பியூரோ (அட்டைகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் இடம்) வழியாக அனுப்பினால் செலவு குறைவு, வருவதற்கு ஆண்டுகள்கூட ஆகலாம். வந்தால் அந்த நாள் பண்டிகைதான். என்னுடைய அட்டையில் ஏற்காடு ஏரிப் படம் போட்டிருக்கிறேன்.

எஃப்.டி.8 என்கிறார்களே, அதில் கம்ப்யூட்டர்தானே பேசுகிறது?

ஆமாம், 15 விநாடிக்கு ஒரு முறை கம்ப்யூட்டர் சின்னஞ்சிறு செய்தி அனுப்புகிறது. 2017இல் வந்தது, உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ டெய்லர் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றவர். இரைச்சலுக்கு அடியில் புதைந்த சிக்னலையும் தோண்டி எடுக்கும். கம்ப்யூட்டர் கடிகாரம் இரண்டு விநாடிக்கு மேல் பிசகினால் எந்தச் செய்தியும் பிடிபடாது, அதைச் சரிபாருங்கள். சிறிய ஆன்டெனாவும் நகரத்து இரைச்சலுமாக இருப்பவர்களுக்கு நூறு இடம் எட்ட நல்ல வழி, நானும் பாதி இடங்களை அதில்தான் பிடித்தேன். ஆனால் புதியவர்களிடம் முதல் ஆறு மாதம் குரலிலேயே பேசச் சொல்கிறேன். இருநூறு பேர் ஒரே நேரத்தில் கத்தும் கூட்டத்தில் ஒரு தூரத்து நிலையம் "பிராவோவில் முடிகிறவர் மட்டும்" என்று சொல்லும்போது, அது உங்களைத்தானா இல்லையா என்று காது சொல்ல வேண்டும். அந்தக் காது நெட்டில்தான் வளர்கிறது.

வளைகுடாவில் வேலை பார்த்தபோது 60 நாடு பேசினேன். சேலத்தில் தொடரலாமா?

டி.எக்ஸ்.சி.சி.யில் முடியாது. எல்லாத் தொடர்பும் அந்தப் பட்டியலில் உள்ள ஒரே இடத்திலிருந்து செய்ததாக இருக்க வேண்டும். இங்கே பூஜ்யத்திலிருந்துதான். சேலத்திலிருந்து சென்னைக்குக் குடி போனால் பரவாயில்லை, பட்டியலில் இரண்டும் ஒரே இடம்தான்.

மேட்டூர் போனால் வேறு கட்டம் என்கிறார்களே?

உலகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒரு அவார்டு உண்டு, வி.யு.சி.சி. அதில் 2 மீட்டரிலோ செயற்கைக்கோள் வழியாகவோ 100 கட்டம் சேர்க்க வேண்டும். சேலமும் ஏற்காடும் எம்.கே.91. கட்டத்தைப் பிரிக்கும் கோடு 78 பாகை தீர்க்கரேகையில் போகிறது. மேட்டூரும் சங்ககிரியும் அதற்கு மேற்கே, எம்.கே.81. அணை பார்க்கக் குடும்பத்தோடு போகிறவர்கள் ரேடியோவையும் எடுத்துப் போங்கள்.

மழைக்காலத்தில் ஆன்டெனாவை என்ன செய்வது?

கழற்றுங்கள். சித்திரை, வைகாசி மாலைகளில் சேர்வராயன் மலைமேல் மேகம் கறுத்தால் அரை மணிக்குள் சேலத்துக்கு இடி வந்துவிடும். ரேடியோவின் பின்னாலிருந்து கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) கனெக்டரைத் திருகிக் கழற்றி, முனையை ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். மின்சார பிளக்கையும் பிடுங்குங்கள். மலைமேல் இருந்தால் முதல் இடிக்கே கம்பத்தை விட்டு விலகி வண்டிக்குள் போய்விடுங்கள். நெட் நடத்துகிறவர் யார் வீட்டிலாவது இடி கேட்டது என்று சொன்னால் உடனே நெட்டை மூட வேண்டும், நான் மூடிவிடுவேன்.

போன வைகாசியில் ஒரு நாள் மாலை டோங்கா நிலையம் ஒன்று ஐந்து ஐந்தில் கேட்டது. என் பட்டியலில் இல்லாத இடம். கூட்டமும் அதிகம் இல்லை. இரண்டு முறை கூப்பிட்டேன், அப்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கனெக்டரைக் கழற்றினேன். மழை விட்டு மறுபடி மாட்டியபோது மணி எட்டரை, அங்கே வெறும் இரைச்சல். அலைவரிசையை லாக் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். டோங்கா இன்னும் பாக்கி.